தேறும்போது வந்த வலி

லைசன் மில்லுக்குத் திரும்பிவிட்டான் என்றதும் சொங்கானிச் சந்தைப் பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். மழைக்காலத்தில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மில்லை ஓட்ட வந்தவன் ஒரு உம்மணாமூஞ்சி. மக்காச்சோளத்தைக் கொட்டினால் மாவு வரும், அவ்வளவுதான். லைசன் அப்படியா? தலையிலிருந்து கால்வரை மாவு அப்பி, இமைமுடிகூட வெளுத்துப்போய் நின்றுகொண்டு, இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தி ஒவ்வொருத்தியையும் வம்புக்கு இழுப்பான். கூடையோடு வரிசையில் நிற்கிற அலுப்பே தெரியாது.

எதிர்ச்சாரியில் பழைய துணி விற்கும் மொடெஸ்டாதான் அவன் வாய்க்கு முதலில் அகப்படுவாள். மனைவியின் தங்கை. கேலி செய்ய ஊரே உரிமை கொடுத்த உறவு.

“ஏ கொழுந்தி! வெளிநாட்டுலேர்ந்து மூட்டை மூட்டையா துணி வருதே, அதுக்குள்ள ஒரு மாப்பிள்ளையாவது வரக்கூடாதா?”

“வந்தான் மச்சான். உங்க மூஞ்சியப் பாத்துட்டு, இதுதான் இந்த ஊரு மாப்பிள்ளை லட்சணமான்னு திரும்ப மூட்டைக்குள்ளயே போயிட்டான்.”

வரிசை முழுக்கச் சிரிக்கும். மொடெஸ்டாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தையும் கழுத்தெலும்பையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். சதை பிடிக்கிறதா, சட்டை நிறைகிறதா என்று.

அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். மழைக்காலத்தில் தலைவலி தலைவலி என்று சுருண்டவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் அவள்தான். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சைக் கிருமி குடியேறியிருக்கிறது என்றார்கள். அது குடியேற வழிவிட்டது எது என்பதையும் சொன்னார்கள். எச்.ஐ.வி. அதைக் கேட்டதும் லைசன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. ஜோபர்க்ல உக்காந்துக்கிட்டு, மில்லுக்கு வர்ற பொம்பளைங்களை ஒவ்வொருத்தியா நினைச்சு நினைச்சு செத்துடுவா. மலேரியான்னு சொல்லு.”

அக்கா எனெலெஸ் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவாள். லைசன் வடக்கே முசிம்பாக்காரன். இந்தப் பக்கத்து வழக்கப்படி மனைவி ஊரோடு வந்து தங்கியவன். மனைவி வெளிநாட்டில், சொந்தபந்தம் ஒருநாள் பயணத் தொலைவில். ஆக, மலேரியா என்றே மொடெஸ்டா அக்காவிடம் சொன்னாள். முதலில் பூஞ்சையை அடக்கினார்கள். அது அடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் எச்.ஐ.வி. மாத்திரையைத் தொடங்கினார்கள். தினமும் கடையைத் திறக்குமுன் அவன் வீட்டுக்குப் போய், விழுங்குகிறானா என்று நின்று பார்த்துவிட்டு வருவாள். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. தட்டு நிறைய என்சிமாக் களியைப் போட்டால் வழித்துவிட்டு இன்னும் கேட்டான். பொரித்த உசிப்பா மீனை வாசலிலேயே மோப்பம் பிடித்தான். பிழைத்துக்கொண்டான் என்று அவள் மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஒரு காலை மில் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

“ஏ கொழுந்தி, இன்னிக்கு ரெண்டு பேரா தெரியற. ஒண்ணையே என்னால சமாளிக்க முடியல.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மொடெஸ்டாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்ற கண்ணால் அவளைத் தேடுவதைப் பார்த்துவிட்டாள். அவன் கேலி செய்யவில்லை.

“தலை வலிக்குதா மச்சான்?”

“கொஞ்சம்.”

“பழைய மாதிரியா?”

அவன் அடுத்த கூடையைக் கொட்டத் திரும்பிக்கொண்டான். மறுநாள் வாந்தி எடுத்தான். அடுத்த நாள் வெயிலே ஆகவில்லை, கதவை அடைத்துக்கொண்டான். அதற்கும் அடுத்த நாள் பிடிவாதமாக மில்லுக்கு வந்தவன், மூட்டைகளுக்கு நடுவே விழுந்து கை கால் இழுக்கத் தொடங்கினான். வாயோரம் வழிந்த நுரை மாவோடு கலந்து பசையானது. யாரோ ஒருவனின் தக்காளி வண்டியை மறித்து, கூடைகளை இறக்கிவிட்டு அவனை ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்கவில்லை. எழுந்து உட்காருவான், படுப்பான், விரிப்பை நூல் நூலாகப் பிய்ப்பான். கட்டிலை விட்டு இறங்கி வராந்தாவில் நடக்கத் தொடங்கிவிடுவான். மொடெஸ்டா பின்னாலேயே ஓடுவாள்.

“எங்க போறீங்க?”

“மெஷின நிறுத்தணும். கேக்கலையா உனக்கு? சும்மா ஓடிக்கிட்டே இருக்கு. உள்ள சோளமே இல்ல, வெறுமனே ஓடுது.”

“நான் நிறுத்திட்டேன் மச்சான். வாங்க.”

“பொய் சொல்லாத. ஓடுது.”

அவளுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. குழாயடிக்குப் போனாள், வெறும் வாளியோடு திரும்பினாள். நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் சமைக்கும் கொட்டகையில் கஞ்சியை ஏற்றிவிட்டு வார்டுக்கு ஓடினாள். திரும்பியபோது கஞ்சி அடிப்பிடித்திருந்தது. பக்கத்து அடுப்புக்காரி, “உன் வீட்டுக்காரரா?” என்று கேட்டாள். “அக்கா வீட்டுக்காரர்” என்றதும் அவள் புருவத்தை ஏற்றிய விதம் மொடெஸ்டாவுக்குப் பிடிக்கவில்லை. வேறு நேரமாக இருந்தால் நன்றாகக் கொடுத்திருப்பாள்.

சேதி கேட்டு வடக்கிலிருந்து லைசனின் அண்ணன் யோதாமு வந்து சேர்ந்தார். நெட்டையான, அதிர்ந்து பேசாத மனிதர். பேருந்திலிருந்து இறங்கிய தூசியோடு தம்பியின் கட்டிலருகே நின்றார். தம்பி அவரைப் பார்த்து, “மூட்டையை அங்க வைங்க, வரிசையில வாங்க” என்றான். யோதாமு மொடெஸ்டாவைத் தனியே அழைத்துக் கேட்டார்; அவள் நோயையும் மாத்திரையையும் மறைக்காமல் சொன்னாள்.

வார்டைப் பார்த்துக்கொண்ட நியோண்டோ டாக்டரம்மா இருவரையும் வராந்தாவுக்கு அழைத்தார். வேகமாகப் பேசும், வேகமாக நடக்கும் பெண்மணி.

“தலைக்குள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது. முதுகெலும்புல ஊசி போட்டு தண்ணி எடுக்கணும். உடனே. இல்லேன்னா கண்ணு போகும். அதுக்கப்புறம் ஆளே போயிடுவாரு.”

“வேண்டாம்” என்றார் யோதாமு.

“ஐயா, போன தடவையும் இதே ஊசி போட்டுத்தான்...”

“போட்டதாலதான் இப்படி ஆச்சு.” அவர் குரலை உயர்த்தவில்லை. “எனக்கு இன்னொரு தம்பி இருந்தான். ஒரு தங்கச்சி இருந்தா. ரெண்டு பேருக்கும் முதுகுல ஊசி போட்டாங்க. ரெண்டு பேரையும் நான்தான் குழியில இறக்கினேன். இவனையாவது உசிரோட ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்த மாத்திரையையும் நிறுத்துங்க. அதைத் தின்னுட்டுத்தானே இவனுக்கு வலி திரும்ப வந்துச்சு? இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்.”

டாக்டரம்மா இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் மொடெஸ்டாவைக் கலக்கியது.

“ஒரு வகையில நீங்க சொல்றது சரிதான்” என்றார். “இவ்வளவு நாளா இவரு உடம்புக்கு எதிர்த்து நிக்கவே தெம்பு இல்ல. பூஞ்சை தலைக்குள்ள உக்காந்திருந்தப்பகூட சும்மா கிடந்துச்சு. மருந்து பூஞ்சையைக் கொன்னுது. ஆனா செத்ததெல்லாம் இன்னும் உள்ளயே கிடக்கு. இப்ப மாத்திரையால உடம்பு முழிச்சுக்கிச்சு. முழிச்சதும், எதிரி உள்ள இருக்கான்னு செத்த பொணத்தோட சண்டைக்குப் போகுது. சண்டை நடக்கிற இடம் மண்டையோட்டுக்குள்ள. வீங்கினா எங்க போகும்? இப்படி ஆகுறது உண்டு. கிருமி உசிரோட திரும்ப வந்திருந்தா வேற மருந்து. எதுன்னு தண்ணியை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் அழுத்தத்தை இறக்கியாகணும்.”

“உடம்பு தேறுறதால சாகப்போறான்னு சொல்றீங்க.”

“சாகாம இருக்கணும்னா ஊசி போட விடுங்கன்னு சொல்றேன்.”

மொடெஸ்டா வாயைத் திறந்தாள். “அண்ணே, ஒரு தடவை...”

யோதாமு அவளைக் கடுமையாகப் பார்க்கவில்லை, களைப்பாகத்தான் பார்த்தார். “நீ நல்ல பொண்ணும்மா. ஆனா நீ யாரு? அவனுக்குக் கொழுந்தியா. கூடப் பொறந்தவன் நான்.”

அவள் வார்டுக்குள் போனாள். லைசன் தலையை இரு கைகளாலும் இறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். மாத்திரை கொடுக்கும் நேரம். அதைக் கையில் எடுத்தாள். இத்தனை நாள் அவன் வாயில் அதைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, நாக்கைக் காட்டச் சொன்னவள் அவள்தானே. ஒவ்வொரு நாளும் நின்று பார்த்தாளே. இதுவா அவனை இப்படி ஆக்கியது? மாத்திரையைக் கொடுக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சித்தெஞ்சேத் துணியின் முனையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். முற்றத்து மாமரத்தைச் சுற்றி நடந்தாள். மறுபடி நடந்தாள். துணி காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வழிவிட்டு விலகினார்கள்.

நடந்துகொண்டே அக்காவை அழைத்தாள்.

“மலேரியா இல்லக்கா” என்று தொடங்கினாள். தொடங்கியதும் எல்லாம் கொட்டிவிட்டது. பூஞ்சை, எச்.ஐ.வி., மாத்திரை, இழுப்பு, ஊசி வேண்டாம் என்கிற அண்ணன். சொல்லி முடித்துவிட்டு அக்காவின் அழுகைக்காகக் காத்திருந்தாள்.

எனெலெஸ் அழவில்லை. எங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு அதை மூடும் சத்தம்.

“அந்த மாத்திரை என்ன நிறம்?”

மொடெஸ்டா முடிச்சை அவிழ்த்துப் பார்த்துச் சொன்னாள்.

“நானும் அதைத்தான் சாப்பிடுறேன்” என்றாள் எனெலெஸ். “மூணு வருஷமா.”

மொடெஸ்டாவின் கால்கள் நின்றுவிட்டன.

“மூணு வருஷமா? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தியே. அவருகூடத்தானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா!”

“சொன்னா? ஜோபர்க்ல நீ என்ன வேலை பாத்தன்னு கேப்பாரு. கேட்டுட்டு முசிம்பாவுக்கே போயிடுவாரு. எனக்குத் தெரியாதா அவரை?”

“அவரு உனக்குப் பயந்து ஒளிச்சாரு, நீ அவருக்குப் பயந்து ஒளிச்ச. நடுவுல அவரு செத்துக்கிட்டு இருக்காரு! நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, மண்டைக்குள்ள கிருமி போறதுக்கு முன்னாடியே அவரும் இதைத் தின்னுருப்பாரு!”

“கத்தாதடி. பின்னாடி கத்து, எவ்வளவு வேணா கத்து. இப்ப பெரியவர்கிட்ட போனைக் குடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை.”

மொடெஸ்டா வராந்தாவுக்குத் திரும்பினாள். யோதாமு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா வாசலோரக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே இவர்கள் பக்கம் ஒரு காதை வைத்திருந்தார்.

“அண்ணே” என்றது போன். “நான் அவரு பொண்டாட்டி பேசுறேன். ஊசி போடச் சொல்லுங்க.”

“எனெலெஸ், நீ தூரத்துல இருக்க. அந்த மாத்திரை அவனை என்ன பண்ணியிருக்குன்னு நீ பாக்கல.”

“அந்த மாத்திரையை நானும் திங்கிறேன்.”

யோதாமு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் அதே நோய்தான் அண்ணே. ஆரம்பிச்சப்ப எலும்பும் தோலுமா இருந்தேன். இப்ப இந்த வீட்டு மெத்தையை ஒத்தை ஆளா மாடிக்குத் தூக்கிட்டுப் போறேன். யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு கேக்கணும்னா, நான் வந்ததும் கேளுங்க. எல்லாரும் சேர்ந்து கேளுங்க, பதில் சொல்றேன். இப்ப ஊசியைப் போட விடுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்.”

பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த அந்நியர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கணவனின் அண்ணனிடம் ஒரு பெண் இப்படிப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. யோதாமு உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. டாக்டரம்மா அதற்குள் எழுந்துவிட்டிருந்தார்.

லைசனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால் வயிற்றைத் தொட வளைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் திமிறினான். யோதாமு கட்டிலின் மறுபக்கம் மண்டியிட்டு, தம்பியின் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடியிருந்தார். மொடெஸ்டா மூடவில்லை. ஊசி இறங்கியது. அழுத்தத்தை அளக்கச் செருகிய கண்ணாடிக் குழாயில் நீர் ஏறியது, ஏறியது, நிற்காமல் ஏறி விளிம்பைத் தாண்டி வழிந்தது. நர்ஸ் ஒருத்தி “அடேயப்பா” என்றாள். அது தெளிந்த நீர்போலத்தான் இருந்தது. அது இவ்வளவு வேதனை கொடுக்கும் என்று யார் நினைப்பார்கள்?

கொஞ்சம் கொஞ்சமாக நீரை வடித்தார்கள். லைசனின் திமிறல் குறைந்தது. பிய்த்துக்கொண்டேயிருந்த விரல்கள் ஓய்ந்தன. அவன் அண்ணனின் சட்டைக்குள்ளிருந்து பேசினான்.

“யாரு மெஷின நிறுத்தினது?”

யோதாமு கண்ணைத் திறந்தார்.

“அப்பாடா” என்றான் லைசன். அப்படியே தூங்கிப்போனான்.

மொடெஸ்டா முடிச்சை அவிழ்த்தாள். அவன் விழித்ததும் மாத்திரையைக் கொடுத்தாள். நாக்கைக் காட்டச் சொன்னாள்.

ஒரே ஊசியில் எல்லாம் முடிந்துவிடவில்லை. அழுத்தம் மறுபடி ஏறியது, மறுபடி எடுத்தார்கள். எடுத்த நீரில் பூஞ்சை முளைக்கவில்லை என்று சில நாட்களில் தெரிந்தது. கிருமி செத்துத்தான் கிடந்தது. போரிட்டுக்கொண்டிருந்தது உடம்பு மட்டுமே. அந்தப் போரைத் தணிக்க வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். அது அவனைத் தூங்கவிடவில்லை. பேய்ப்பசி எடுத்தது, ஓயாமல் பேசினான், பக்கத்துக் கட்டில்காரனின் கஞ்சிக்குக் கணக்குப் போட்டான். வலி தணியும் நாளும் வந்தது, திரும்பும் நாளும் வந்தது. ஒவ்வொரு முறை ஊசிக்கும் யோதாமுவே பிடித்தார். கடைசியில் நர்ஸ் கூப்பிடுமுன்பே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். மொடெஸ்டா மட்டும், அவன் தன் நெற்றியில் கை வைக்கும் போதெல்லாம் எழுந்து நின்றாள். அவன் ஈ ஓட்டக் கையைத் தூக்கினாலும் எழுந்து நின்றாள்.

எனெலெஸ் எல்லை தாண்டி வந்து சேர்ந்தபோது அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரட்டைக்காட்சி போய்விட்டிருந்தது. ஆனால் இடது கண்ணில் பார்வை கலங்கிய தண்ணீர் மாதிரியே நின்றுவிட்டது. இதற்குமேல் அது தெளியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். விஷயம் அனைத்தும் அவன் காதுக்குப் போயிருந்தது, யோதாமுதான் சொன்னார்.

எனெலெஸ் பையைக்கூட இறக்காமல் கட்டிலருகே நின்றாள். மொடெஸ்டா வெளியே வந்துவிட்டாள். வாசற்படியைத் தாண்டியதுமே உள்ளே பேச்சு வெடித்தது.

“மூணு வருஷம்! மூணு கிறிஸ்துமஸ்! ஒரே பாயில படுத்துட்டு...”

“நீங்க மட்டும்? மலேரியாவாம் மலேரியா! தங்கச்சி வாயால பொய் சொல்ல வைக்கத் தெரிஞ்சுதுல்ல?”

“நீ வாயைத் திறந்திருந்தா என் கண்ணு இப்படி ஆயிருக்குமா?”

எனெலெஸ் அழும் சத்தம் கேட்டது. போனில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். லைசன் இன்னும் கத்தினான். நர்ஸ் ஓடிவந்து, “ஆஸ்பத்திரியா சந்தையா இது?” என்று இருவரையும் அதட்டினாள். வெளியே யோதாமு மொடெஸ்டாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

“நல்லாக் கத்துறான்” என்றார்.

“ஆமாண்ணே.”

“போன வாரம் தன் பேரே தெரியல அவனுக்கு.”

அவர் அன்று மாலைப் பேருந்தில் வடக்கே கிளம்பிப் போனார். போகுமுன் எனெலெஸிடம் எதையும் கேட்கவில்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கேள்வியை அதன்பின் யாரும் அவளிடம் கேட்கவில்லை. லைசன் மட்டும் குடிக்காமலே குடித்தவனைப்போல் சில நாட்களில் கேட்பான், பிறகு தானே வாயை மூடிக்கொள்வான்.

எனெலெஸ் ஜோபர்க்குக்குத் திரும்பவில்லை. மொடெஸ்டா அவளோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைக்கு வந்து ஓரமாக நின்று, துணியை மடித்து வைக்க உதவிவிட்டுப் போவாள் அக்கா. ஒருநாள் மடித்துக்கொண்டே, “உன்னைப் பொய் சொல்ல வெச்சாரே, அதுக்கு நீ அவருமேல கோவப்படலையே. என்மேல மட்டும் ஏன்டி?” என்று கேட்டாள்.

“அவரு எனக்கு மச்சான். நீ எனக்கு அக்கா” என்றாள் மொடெஸ்டா. சொல்லும்போதே அது பதிலாகுமா என்று அவளுக்கே தெரியவில்லை. கையிலிருந்த குழந்தைச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தபோது இன்னொரு முறை தலைவலி வந்தது. மூவருமாகக் கிளினிக்குக்குக் கிளம்பினார்கள். மினிபஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் லைசனின் இடதுபக்கமாக வந்த சைக்கிள்காரன் அவன்மேல் மோதிவிட்டான்.

“கண்ணு தெரியலையாடா?” என்று கத்தினான் லைசன்.

“உங்களுக்குத்தான் தெரியல!” என்றான் சைக்கிள்காரன்.

எனெலெஸ் அவனைத் திட்டிக்கொண்டே கணவனின் இடதுபக்கம் வந்து நின்றுகொண்டாள். லைசன் கையை உதறப் பார்த்து, பிறகு உதறாமல் விட்டான். மொடெஸ்டா அவன் நெற்றியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

“எப்படி இருக்கு மச்சான்? நிஜமாச் சொல்லுங்க.”

“ஒரு கொழுந்திதான் தெரியறா” என்றான் அவன். “அதுவே அதிகம்.”

அவள் சிரித்தாள். ஆனால் மினிபஸ் வரும்வரை சாலையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள்.